சேறு, மணல், தாழை: மண்டபம் கடலடியில் நுண்சிப்பிகளை எண்ணும் வேலை

மண்டபத்தின் வடக்குக் கரையில் பாக் விரிகுடா. தெற்குக் கரைக்கு நடந்தே போய்விடலாம், அங்கே மன்னார் வளைகுடா. வடக்கே ஆழம் குறைந்த, எளிதில் கலங்கும் சேற்றுத்தரைக் கடல். தெற்கே தீவுகள், பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகள், சிப்பித்தூள் கலந்த மணல். இரண்டு பக்கமும் கரையை ஒட்டித் தாழைப் படுகைகள். கடற்புல்லுக்கு இங்கே அதுதான் பெயர். நுண்சிப்பிகள், அதாவது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த சிப்பி, நத்தை, தந்தச்சிப்பி இனங்கள், தரைக்குத் தரை எப்படி மாறுகின்றன என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

"மணலில் இனம் அதிகம், சேற்றில் குறைவு" என்ற வரி பல அறிக்கைகளில் வரும். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தரையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் அதே வரியைக் கருவிகளே எழுதிவிடும். கடலடியைத் தாடைபோல் கடித்து அள்ளும் கிராப் எவ்வளவு ஆழம் கடித்தது, சல்லடைக் கண் எவ்வளவு, செத்த ஓட்டையும் சேர்த்து எண்ணினோமா என்ற மூன்று கேள்விகளும் முடிந்த பிறகு மிஞ்சும் வேறுபாட்டைத்தான் தரையின் கணக்கில் எழுத முடியும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி கருவிகளைப் பற்றியது.

எங்கே, எப்போது

நாம் சிக்கக்கூடிய முதல் பொறி ஆழம். கரையோர மணலையும் நடுக்கடல் சேற்றையும் ஒப்பிட்டால் அலை, வெளிச்சம், உப்பு எல்லாம் சேர்ந்து மாறிவிடும். எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. மூன்று வகைத் தரையையும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் தேட வேண்டும். மணலும் சேறும் மூன்று பாகத்தில், அதாவது ஐந்தரை மீட்டரில் கிடைக்கும். தாழையை அந்த ஆழத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி எடுத்து, வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்கவும்.

ஒவ்வொரு வகைத் தரைக்கும் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி மூன்று இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் நான்கு மாதிரிகள், மொத்தம் 36. ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதிரி எடுத்துவிட்டு "சேற்றுத்தரையில் பன்னிரண்டு" என்று எழுதுவது தவறு. அது அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசும், சேற்றைப் பற்றிப் பேசாது.

வாடைக்காற்று அடிக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை பாக் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் பக்கம் கொந்தளிக்கும். இரண்டும் சேர்ந்து அமைதியாக இருப்பது மார்ச், ஏப்ரல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். இழுவலை கிளறிய தரையும் கிளறாத தரையும் மேல் இரண்டு சென்டிமீட்டரில் வேறு வேறு. ஆகவே தடைக்கு முன் பாதி, தடைக்குள் பாதி என்று மாதிரி எடுத்துக் கலக்கக் கூடாது. எல்லாமே முன்பு, அல்லது எல்லாமே உள்ளே.

மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கிராபைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மண்டபத்திலிருந்து வடக்கே வேலையை நீட்டுகிறவர்கள் அதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள பெரிய சங்கு, சிப்பி ஏதாவது கிராபில் ஏறினால் படமெடுத்து உடனே கடலில் விட்டுவிடுவது.

கிராபும் குழாயும்

நாட்டுப்படகிலிருந்து கையால் தூக்கும் வேலைக்கு 0.025 சதுர மீட்டர், அதாவது 250 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்ட வான் வீன் கிராப் போதும். 0.1 சதுர மீட்டர் கிராப் நிரம்பினால் கையால் தூக்குவது இடுப்புக்குக் கேடு. அதற்குக் கப்பியும் மின்சார இழுவையும் வேண்டும். சின்னக் கிராபில் நான்கு கடி போட்டால் பரப்பு அதே 0.1 சதுர மீட்டர்தான். தரையில் சிப்பிகள் திட்டுத் திட்டாகத்தான் கிடக்கும் என்பதால் நான்கு சின்னக் கடி ஒரு பெரிய கடியைவிட நல்லதும்கூட.

சேற்றில் வரும் கோளாறு வேறு, மணலில் வரும் கோளாறு வேறு.

சேற்றில் கிராப் அதிகமாக அமிழ்ந்துவிடும். சேறு மேல் கதவு வழியாகப் பிதுங்கி வெளியேறும். பிதுங்குவது தரையின் மேல்தோல், நுண்நத்தைகள் வாழும் அதே தோல். ஈயக் கட்டிகளைக் கழற்றிவிட்டு இறக்க வேண்டும். கடைசி இரண்டு மீட்டரை நொடிக்கு ஒரு சாண் வேகத்துக்கு மேல் விடக் கூடாது. வேகமாக இறங்கும் கிராப் தனக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தள்ளலை அனுப்பும். அது லேசான மேற்படிவை வாய்க்கு வெளியே ஊதிவிடும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு சாயக் குறி இருந்தால் வேகத்தைக் கையே அறியும்.

மணலில் நேர்மாறு. நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் கடிக்காது. ஈயக் கட்டி ஏற்ற வேண்டும். சிப்பித்துண்டோ பவளத்துண்டோ வாயில் சிக்கினால் தாடை மூடாமல் வரும், தூக்கும் வழியெல்லாம் மணல் ஒழுகும். ஒழுகும்போது முதலில் போவது நுண்துகள். துகள் அளவு, சின்ன உயிர்கள் என்று இரண்டு எண்ணும் ஒரே திசையில் கெடும். ஒழுகிய மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். "பரவாயில்லை, பாதி இருக்கிறது" என்ற சலுகை கிடையாது.

ஏற்றுக்கொள்ளும் விதி: தாடை முழுதாக மூடியிருக்க வேண்டும், மேல் கதவைத் திறந்தால் படிவின் மேல் நிற்கும் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும், மேற்பரப்பு கலையாமல் இருக்க வேண்டும், ஆழம் மணலில் 5 செ.மீ., சேற்றில் 7 செ.மீ. குறையக் கூடாது. ஸ்கேலை நடுவில் குத்தி ஆழத்தை ஒவ்வொரு முறையும் எழுதவும். சேற்றில் பத்து சென்டிமீட்டர் கடித்திருந்தால் மேல் 5 செ.மீ. தனி வாளியில், கீழ்ப்பகுதி தனி வாளியில். மணலோடு ஒப்பிட வேண்டியது மேல் வாளியை மட்டும்தான். பலரும் விடும் படி இது. விட்டால் இரண்டு மடங்கு கனஅளவை ஒரு பக்கத்தில் எண்ணியிருப்பார்கள்.

தாழையில் கிராப் வேலைக்கு ஆகாது. வேர்த்தண்டு தாடையை மூடவிடாது, படுகையும் கிழியும். 110 மி.மீ. பி.வி.சி. குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ் விளிம்பை வெளிப்புறமாகச் சரித்து அராவிக் கூராக்கி, மேலே ரப்பர் அடைப்பான் போடவும். உள்விட்டத்தை அளந்தே எழுத வேண்டும். குழாயின் அழுத்தத் தரத்தைப் பொறுத்து அது மாறும். உள்விட்டம் 104 மி.மீ. என்றால் பரப்பு 85 சதுர செ.மீ. மூன்று குழாய் சேர்த்தால் 255. ஒரு கிராபுக்கு ஏறத்தாழச் சமம். முக்குளிப்பவர் குழாயைத் திருகித் திருகி இறக்கி, அடைப்பானை மூடி, கீழே கையை வைத்துத் தூக்க வேண்டும். திருகாமல் அழுத்தினால் வேர் வளைந்து கொடுக்குமே தவிர அறுபடாது. இலைகளைக் குழாய்க்குள் வளைத்துவிடும் முன் தனியே ஒரு துணிப்பையில் நறுக்கி எடுத்துவிட வேண்டும். இலைமேல் வாழும் பச்சை நிற ஸ்மரக்டியா நத்தையும் குட்டி டிரைகோலியாவும் தரை உயிர்கள் அல்ல. அவற்றைத் தரைக் கணக்கில் சேர்த்தால் தாழை பொய்யாகப் பெருக்கிக் காட்டும்.

சல்லடை

கடலடி ஆய்வில் 0.5 மி.மீ. கண் வழக்கம். நுண்சிப்பிக்கு அது போதாது. காரணம் எளிது: ஓட்டின் நீளம் 2 மி.மீ. இருக்கலாம், அகலம் 0.4 மி.மீ.தான். ஊசி போன்ற யூலிமா நத்தை, குழாய் போன்ற சீக்கம் நத்தை எல்லாம் செங்குத்தாகத் திரும்பிக் கண்ணில் விழுந்துவிடும். 0.5க்குக் கீழே 0.25 மி.மீ. சல்லடையும் வைத்து, இரண்டு பங்கையும் தனித்தனிப் புட்டியில் வைக்கவும். 0.5இல் நின்றவற்றைப் பழைய ஆய்வுகளோடு ஒப்பிடலாம், 0.25இல் நின்றவை கூடுதல் தகவல்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 500 மைக்ரான் என்பது பிரிட்டிஷ் முறையில் 30ஆம் எண், அமெரிக்க முறையில் 35ஆம் எண். அமெரிக்க 30 என்றால் 600 மைக்ரான். கடைக்காரர் "முப்பது மெஷ்" என்று கொடுத்தால் எந்த முப்பது என்று கேட்க வேண்டும். 250 மைக்ரானுக்கு இரண்டு முறையிலும் 60. சேற்றையும் மணலையும் பிரிக்கும் 63 மைக்ரானுக்கு பிரிட்டிஷ் 240, அமெரிக்கம் 230. சல்லடையின் சட்டத்தில் மைக்ரானையே பொறித்துக் கேட்டால் குழப்பம் தீர்ந்தது.

சலிப்பது கடல்நீரில். நல்ல தண்ணீர் பட்டால் உயிர் சுருங்கி ஓட்டை மூடிக்கொள்ளும். பிறகு செத்ததா உயிருள்ளதா என்று நுண்ணோக்கியில் தவிக்க நேரும். குழாயைப் பீய்ச்சக் கூடாது. சல்லடையைப் பாதி தண்ணீரில் அமிழ்த்தி அரிசி களைவதுபோல் சுழற்ற வேண்டும். சேற்றுருண்டையை விரலால் நசுக்கினால் டெல்லினா சிப்பியின் காகிதக் கனத்து ஓடு நொறுங்கும். வாளியில் கால் மணி நேரம் ஊறவிட்டால் தானே கரையும்.

புழு ஆய்வு செய்பவர்களின் பழக்கம் ஒன்று உண்டு: மணலை வாளியில் போட்டுச் சுழற்றி, மேலே மிதப்பதை மட்டும் சல்லடையில் ஊற்றி, அடியில் நின்ற மணலைக் கொட்டிவிடுவது. புழுவுக்கும் கூனிப்பூச்சிக்கும் அது சரி. ஓடுள்ள உயிர் மணலோடு அடியில்தான் நிற்கும். கொட்டிய மணலோடு ஆய்வின் பொருளே கடலுக்குத் திரும்பியிருக்கும்.

சேற்றிலிருந்து 0.25 சல்லடையில் நிற்பதில் ஒரு பகுதி மணல்போலத் தெரியும், ஊசியால் தொட்டால் குழையும். அவை கழிவு உருண்டைகள். களியைத் தின்ற புழுக்களும் சிப்பிகளும் கட்டி வெளியேற்றியவை. அவற்றின் அளவைத் தோராயமாகவாவது எழுதிவைத்தால் பின்னால் உதவும்.

உயிரும் ஓடும்

சலித்ததை உடனே ஃபார்மலினில் போட்டால் எல்லா உயிரும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 73 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து, அதில் அரை மணி நேரம் வைத்தால் தசை தளரும், நத்தை கால் நீட்டிய நிலையிலேயே மயங்கும்.

பிறகு பத்து சதவீத ஃபார்மலின்: கடைச்சரக்கு 100 மில்லி, கடல்நீர் 900 மில்லி. படகில் கலக்க வேண்டாம், கரையிலேயே கலந்து இறுக மூடி எடுத்துச் செல்லவும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும், அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டில் முதலில் அழிவது உச்சியில் உள்ள குழவிப்பருவச் சுருள். இனம் காண அதுதான் முக்கியச் சான்று. மூலப் புட்டியின் அடியில் கொஞ்சம் வெண்காரம் கரையாமல் நிற்கும் அளவுக்குப் போட்டு வைத்தால் காரத்தன்மை நிலைக்கும். காகிதப் பட்டையில் 8 காட்ட வேண்டும். அப்படியிருந்தும் இரண்டு நாளுக்கு மேல் அதில் விடாமல் கழுவி எழுபது சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிட வேண்டும். மரபணு வேலை இருந்தால் ஃபார்மலினே கூடாது, நேரே 95 சதவீத எத்தனால்.

ஃபார்மலினிலேயே லிட்டருக்கு 0.1 கிராம் ரோஸ் பெங்கால் சாயம் போட்டால் சதை இளஞ்சிவப்பாகும். இதை நம்பி மட்டும் எண்ணக் கூடாது. செத்த ஓட்டுக்குள் குடியேறிய குட்டி முனிவன் நண்டும் சிப்பன்குலிட் புழுவும்கூடச் சிவக்கும். சந்தேகம் வந்தால் வாயில் மூடி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் ஓட்டை உடைத்துப் பார். சிப்பியில் இரண்டு ஓடும் கீலோடு சேர்ந்து நிறமேறிய சதையோடு இருந்தால்தான் உயிர்.

செத்ததைத் தூக்கி எறியவும் கூடாது. செத்த ஓடுகள் பல ஆண்டுகளின் தொகை. உயிருள்ளவை இந்த மாதத்தின் நிலவரம். இரண்டையும் தனிப் பத்தியில் எண்ணினால் இரண்டு கேள்விக்கு விடை கிடைக்கும்; ஒன்றாக எண்ணினால் ஒன்றுக்கும் கிடைக்காது. மணல் தரையில் இது பெரிய பொறி. நீரோட்டம் பக்கத்துப் பாரிலிருந்தும் தாழையிலிருந்தும் காலி ஓடுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். சேர்த்து எண்ணினால் அங்கே வாழாத இனமெல்லாம் "மணலின் பன்மை" ஆகிவிடும். கரிமம், அதாவது மட்கும் உயிர்ப்பொருள், நிறைந்த சேற்றில் நேர்மாறாக, துகள்களுக்கு இடையே தேங்கும் துளைநீரின் அமிலம் மெல்லிய ஓடுகளைக் கரைத்துவிடும். அங்கே செத்த ஓடு குறைவாக இருப்பதால் அவை வாழவில்லை என்று சொல்ல முடியாது.

செத்த சிப்பியை எண்ண ஒரு விதி: இடது ஓடு, வலது ஓடு தனியே எண்ணி, எது அதிகமோ அதுதான் தலைக்கணக்கு. துண்டுகளில் கீல் இருந்தால் எண்ணு, இல்லையேல் விடு. நத்தைக்கு உச்சி இருந்தால் ஒன்று.

தரையை அளப்பது

உயிர் எடுத்த கிராபிலிருந்தே படிவும் எடுப்பதென்றால், நுனி வெட்டிய 50 மில்லி சிரிஞ்சை மேல் கதவு வழியாக இறக்கி மேல் 2 செ.மீ. மட்டும் எடுக்கவும். அதன் உள்விட்டம் 28 மி.மீ. என்றால் 6 சதுர செ.மீ. போகிறது, 250இல் இரண்டரை சதவீதம், கணக்கில் கழிக்கலாம். ஐந்தாவதாக ஒரு கிராப் போட்டு அதைப் படிவுக்கென்றே வைப்பது இன்னும் சுத்தம்.

அதே சமயத்தில் தெளிவான அக்ரிலிக் குழாயில் ஒரு துண்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மேலே பழுப்பு, கீழே கறுப்பு என்று கோடு தெரியும். மேற்பரப்பிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை மி.மீ. என்று ஸ்கேலால் அளக்கவும். ஆக்சிஜன் எட்டும் ஆழத்துக்கு இது தோராயமான அடையாளம். அழுகிய முட்டை வாடை அடித்தால் அதையும் எழுதவும். இந்த ஒரு ஸ்கேல் அளவுக்காகப் பலர் விலையுயர்ந்த மின்முனையைத் தேடுகிறார்கள். இருந்தால் நல்லது. இல்லாததால் இந்த அளவையே விட்டுவிடுவது மோசம்.

துகள் அளவுக்குச் சேற்றை உலர்த்தக் கூடாது. உலர்ந்த களி கல்லாகும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. ஈரமாகவே 63 மைக்ரானில் சலித்து, மேலே நின்ற மணலை உலர்த்தி எடைபோடு. கீழே போன சேற்றை உப்புப் போகக் கழுவி, லிட்டருக்கு 5 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் உள்ள தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஒரு லிட்டர் உருளையில் நிரப்பு. உப்பு மிச்சமிருந்தால் சேறு பஞ்சுபோலத் திரண்டு ஒரே மூச்சில் அடியில் உட்காரும், மேலே தெளிந்த நீர் கோடுபோட்டதுபோல் நிற்கும். அதைக் கண்டால் நிறுத்திவிட்டு மறுபடி கழுவ வேண்டும். ஓர் உருளையில் சேறு 15 கிராமுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் துகள்கள் ஒன்றையொன்று தடுத்து மெதுவாக இறங்கும்.

நன்றாகக் கலக்கி விட்ட 20ஆவது நொடியில் 20 செ.மீ. ஆழத்தில் 20 மில்லி உறிஞ்சினால் அது மொத்தச் சேறு. 10 செ.மீ. ஆழத்தில் இரண்டாவது உறிஞ்சல் களி மட்டும், அதாவது 3.9 மைக்ரானுக்கும் சின்னது. இந்த நேரம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் 2 மணி 2 நிமிடம். நம் ஊர்க் கூடத்தில் 28 டிகிரி என்றால் 1 மணி 41 நிமிடம். 30 டிகிரி என்றால் 1 மணி 37 நிமிடம். குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டியிருக்கும் கூடங்களில் களி குறைவாகவே காட்டும்.

இன்னொரு வழக்கமான பிழை, கரைத்த பாஸ்பேட்டின் எடையைக் கழிக்க மறப்பது. லிட்டருக்கு 5 கிராம் என்றால் 20 மில்லியில் 0.1 கிராம். கணக்கு விளங்க ஓர் உதாரணம்: முதல் உறிஞ்சல் உலர்ந்து 0.310 கிராம். 0.100 கழித்தால் 0.210, ஐம்பதால் பெருக்கினால் 10.5 கிராம் சேறு. மணல் 14.5 கிராம் என்றால் சேறு 42 சதவீதம். கழிக்க மறந்தால் 15.5 கிராம், கிட்டத்தட்ட 52 சதவீதம். மணல்சார்ந்த தரை ஒரே மறதியில் சேற்றுத்தரை ஆகிவிடுகிறது.

கரிமத்துக்கு வாக்லி–பிளாக் முறை: அரைத்துச் சலித்த உலர் படிவு 0.5 கிராம், 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மில்லி, அடர் கந்தக அமிலம் 20 மில்லி. அரை மணி நேரம் விட்டு, 200 மில்லி தண்ணீரும் 10 மில்லி பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து, டைஃபினைலமீன் போட்டு 0.5 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டைத் துளித்துளியாகச் சொட்டித் தரம்பார். நீலம் சட்டென்று பச்சையாகும் துளியில் நிறுத்து. டைகுரோமேட் நச்சு; கழிவைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

இங்கே குளோரைடு புகுந்து கெடுக்கும். பாதி எடை தண்ணீராக இருக்கும் சேற்றை அப்படியே உலர்த்தினால், ஒவ்வொரு கிராம் உலர் படிவோடும் ஏறத்தாழ 19 மில்லிகிராம் குளோரைடு ஒட்டியிருக்கும். அதுவும் டைகுரோமேட்டைச் செலவழித்து 0.2 சதவீதக் கரிமமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். கால்பங்கு தண்ணீர் உள்ள மணலில் இந்தப் பொய் 0.07 சதவீதம்தான். ஆக, உப்பே சேற்றைக் கரிமம் மிகுந்ததாகவும் மணலை ஏழையாகவும் காட்டும். லிட்டருக்கு 15 கிராம் வெள்ளி சல்ஃபேட் கரைத்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால் தீரும். வெள்ளியின் விலை கட்டுபடியாகாவிட்டால் படிவை நல்ல தண்ணீரில் இருமுறை கழுவி மையநீக்கியில் சுழற்று.

நுண்ணோக்கியில்

5 செ.மீ. கடித்த மணல் கிராபில் ஒன்றேகால் லிட்டர் இருக்கும். பருமணல் என்றால் பெரும்பகுதி 0.5 சல்லடையிலேயே நின்றுவிடும், இரண்டு கிலோவுக்கு மேல். அதே பரப்புச் சேற்றில் சல்லடையில் நிற்பது ஒரு கைப்பிடி. ஒருவர் ஒரு காலையில் சேற்று மாதிரியை முடிப்பார். மணல் மாதிரி நாள்கணக்கில் இழுக்கும், கண் சோரும். சோர்ந்த கண் விட்டுவிடுவது ஒரு மில்லிமீட்டர் நத்தையைத்தான். பத்தில் ஒரு மாதிரியை வேறு ஒருவர் மறுபடி தேட வேண்டும். அவர் புதிதாகக் கண்டெடுப்பது மொத்தத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி தேடுவது.

0.25 பங்கை முழுதும் பார்க்க முடியாது. மாதிரியைச் சம பங்காக்கும் பிரிப்பானால் எட்டில் ஒரு பங்கு பார்க்கலாம். அதில் கிடைத்த உயிர்களின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கலாம், இனங்களின் எண்ணிக்கையைப் பெருக்க முடியாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அட்டவணையில் சூத்திரத்தை இழுத்துவிடும்போது நடக்கிற காரியம்.

பெரிய இனத்தின் குஞ்சும் சின்ன இனத்தின் முதிர்ந்ததும் ஒரே புட்டியில் கலப்பதுதான் பெயரிடுவதில் மிகப் பெரிய தொல்லை. நத்தையில் வாய் விளிம்பு தடித்திருந்தால் முதிர்ந்தது, கத்திபோல் மெலிந்திருந்தால் பெரும்பாலும் குஞ்சு. ஒரே இனம் என்று நினைப்பவற்றைச் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக அடுக்கிப் படமெடுத்தால் எங்கே சங்கிலி அறுகிறது என்று தெரியும். சிப்பியில் கீல் பார்: நுகுலா, நுகுலானா இரண்டுக்கும் சீப்புபோல் பல் வரிசை, நுகுலாவின் உட்புறம் முத்துப்போல் மின்னும், நுகுலானா மின்னாது, பின்பக்கம் மூக்குபோல் நீண்டிருக்கும். பெயர் உறுதியில்லாதவற்றுக்கு "ரிஸ்ஸோயினா 1, ரிஸ்ஸோயினா 2" என்று அளவுகோலோடு படம் போட்டு வைக்கவும். அவசரப்பட்டு இனப்பெயர் ஒட்டினால் அடுத்தவர் பட்டியலில் அது உண்மையாகிவிடும். நியூ கலிடோனியாவின் கூமாக் பகுதியில் 295 சதுர கிலோமீட்டரில் 2738 மெல்லுடலி இனங்களை எண்ணினார்கள். இவ்வளவு சின்னப் பரப்பில் அவ்வளவு கிடைத்ததற்கு நுண்ணியவற்றையும் அரியவற்றையும் விடாமல் பொறுக்கியது ஒரு முக்கியக் காரணம்.

எண்ணைப் படிப்பது

இனப் பட்டியலின் நீளத்தை மட்டும் ஒப்பிட்டால் அதிக உயிர் கிடைத்த இடம்தான் ஜெயிக்கும். எல்லா இடங்களையும் ஒரே தலைக்கணக்குக்கு, மிகக் குறைவாகக் கிடைத்த மாதிரியின் அளவுக்கு இறக்கி, அத்தனை உயிரை எடுத்தால் எத்தனை இனம் வரும் என்று கணிப்பது முதல் படி. அடுத்தது பங்கீடு. கற்பனையாக இரண்டு மாதிரி, இரண்டிலும் ஐந்து இனம், நூறு உயிர். ஒன்றில் 80, 10, 5, 3, 2. மற்றதில் இருபது இருபதாக ஐந்து. இனங்களின் எண்ணிக்கையையும் பங்கீட்டையும் சேர்த்து அளக்கும் ஷானன் குறியீடு இயல்மடக்கையில் முதலாவதற்கு 0.74, இரண்டாவதற்கு 1.61. அடுக்குக்குறியாக மாற்றினால் 2.1 இனம், 5 இனம். வாசகருக்கு இந்த இரண்டாவது எண்தான் புரியும். இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையில் போட்டால் 0.74 என்பது 1.07 ஆகிவிடும். எந்த மடக்கை என்று எழுதாத கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம்.

இனி தரை. சேற்று சதவீதம், நடுத்துகள் அளவு, கரிமம், ஆக்சிஜன் ஆழம் என்ற நான்கும் ஒன்றோடொன்று ஒட்டியே ஏறி இறங்கும். நுண்துகளுக்குப் பரப்பு அதிகம், கரிமம் அதில் ஒட்டும். ஒன்பது இடங்களை வைத்துக்கொண்டு நான்கையும் ஒரே சமன்பாட்டில் திணிப்பது வீண். கரிமத்தைச் சேற்று சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால், சேற்றளவுக்கு மீறிக் கரிமம் குவிந்த இடம் தனியே எழுந்து நிற்கும். அங்கேதான் வளம் தாண்டி நெரிசல் தொடங்கியிருக்கும்.

1958இல் கடலடி ஆய்வாளர் சாண்டர்ஸ் அமெரிக்காவின் பஸ்ஸார்ட்ஸ் விரிகுடாவில் காட்டிய பிரிவு இன்னும் தொடக்கப் புள்ளி: மணலில் நீரை வடிகட்டி உண்பவை, சேற்றில் படிவை உண்பவை. 1970இல் ரோட்ஸ், யங் இருவரும் அதே விரிகுடாவை வைத்துக் காரணம் சொன்னார்கள்: படிவு உண்பவை தரையைக் கிளறிக் கிளறிக் கூழாக்குகின்றன, கிளறிய சேறு மேலெழுந்து வடிகட்டிகளின் செவுளை அடைக்கிறது, குஞ்சுகள் புதைகின்றன. 1994இல் ஸ்னெல்குரோவ், பட்மன் இருவரும் பழைய சான்றுகளையெல்லாம் மறுபடி புரட்டி, துகள் அளவு மட்டுமே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இந்தக் கரையிலும் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்வதே நல்லது. துகள் அளவு என்பது நீரோட்டம் விட்டுப்போன கையெழுத்து. அதே நீரோட்டம்தான் உணவையும் ஆக்சிஜனையும் மிதக்கும் குஞ்சுகளையும் கொண்டுவருகிறது. ஆய்வகத்தில் பாஸ்பேட் போட்டுப் பிரித்த களி, கடலில் கழிவு உருண்டைகளாகக் கட்டுண்டு மணல்போல நடந்துகொண்டிருந்திருக்கலாம். சிப்பி வாழ்ந்தது அந்த உருண்டைகளுக்கு நடுவில். உருண்டைகளை எழுதிவைக்கச் சொன்னது இதற்குத்தான்.

சுத்தமான, அலையில் ஓயாமல் புரளும் மணல் பன்மைக்குப் பேர்போனதல்ல. அம்போனியம் நத்தை, டோனாக்ஸ் சிப்பிபோல் நொடியில் புதையத் தெரிந்தவை சில கூட்டம் கூட்டமாக இருக்கும், மற்றவை நிலைக்க முடியாது. பட்டியல் நீளும் இடம் கலப்புத்தரை: சிப்பித்துண்டும் பருமணலும் கொஞ்சம் சேறும். துண்டுகளில் ஒட்டி வாழ்பவை, இடுக்கில் ஊர்பவை, சேற்றை உண்பவை, பிற உயிர்களை உறிஞ்சும் பிரமிடெல்லா நத்தைகள் என்று நான்கு வகைத் தொழிலுக்கும் அங்கே இடம் உண்டு. ஆகவே "மணலா சேறா" என்ற கேள்வியை விட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் 2 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டுத்துண்டின் எடையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். துகள் சராசரியில் மறைந்துபோகும் தகவல் அது.

தாழைக்குள் தரை மறுபடி மாறுகிறது. இலைகள் நீரோட்டத்தைத் தணித்து நுண்துகளைப் பிடிக்கின்றன, அழுகும் வேரிலிருந்து சல்ஃபைடு வருகிறது. மற்றவற்றுக்கு நஞ்சான அதை லூசினா குடும்பச் சிப்பிகள் செவுளில் வைத்திருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாக்குகின்றன. இவை ஆழத்தில் இருக்கும். குழாயை 5 செ.மீ.யில் நிறுத்தியிருந்தால் தாழையில் லூசினாவே இல்லை என்று எழுத நேரும். குழாயைக் குறைந்தது 15 செ.மீ. இறக்கி, மேல் 5 செ.மீ.யைத் தனியாக வைத்தால் ஒப்பீடும் கெடாது, லூசினாவும் தப்பாது.

கரிமம் அதிகமான சேற்றில் எண்ணிக்கை பெருகி இனம் சுருங்கும். தியோராபோல் விரைந்து வளர்ந்து விரைந்து சாகும் சில சிப்பிகள் மட்டும் மாதிரியை நிறைக்கும். பியர்சன், ரோசன்பெர்க் இருவரும் 1978இல் தொகுத்த வளைகோடும் இதையே சொல்கிறது: கரிமம் ஏறும்போது முதலில் இனம் கூடும், பிறகு சில இனங்களின் கூட்டம் மட்டும் வெடிக்கும், கடைசியில் ஒன்றுமிராது. உங்கள் சேற்று இடங்கள் அந்தக் கோட்டில் எங்கே நிற்கின்றன என்பதைக் கறுப்புக் கோட்டின் ஆழமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

மாதிரிகளை வைப்பதற்கு: உலர்ந்த ஓடுகளை மரப்பெட்டியிலோ சாதாரண அட்டைப்பெட்டியிலோ வைத்தால் அவற்றிலிருந்து வரும் அமில ஆவியால் சில ஆண்டுகளில் வெண்பூஞ்சைபோல் உப்பு பூத்து ஓடு உதிரும். கண்ணாடிக் குப்பியோ ஜெலட்டின் உறையோ போதும். ஆல்கஹால் புட்டிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு: இடம், தேதி, ஆழம், மாதிரி எண், சல்லடைக் கண். மூடியில் எழுதிய பேனா மை எத்தனால் பட்ட அன்றே போய்விடும்.